பின்பக்கமாக எழுநூறு மீட்டர்

மார்ச் 3, திங்கள்

இன்று காலை ஒன்பது நாற்பதுக்கு, தீர யோசித்து, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல், என் அறையில் விருந்தினருக்காகப் போட்டிருந்த இரண்டு நாற்காலிகளில் ஒன்றை அகற்றுவது என்று முடிவெடுத்தேன். இருபத்தாறு லாரிகளும் நாற்பத்தொரு ஊழியர்களும் கொண்ட ஒரு நிறுவனத்தின் எதிர்காலம் சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் அவசரப்படவில்லை. கணக்காளரையும் காவலாளியையும் டீ கொண்டுவரும் அம்மாளையும் சாட்சிக்கு வைத்துக்கொண்டுதான் நாற்காலி வெளியேற்றப்பட்டது.

"கால் ஆடுதாம்மா?" என்றார் டீ அம்மாள்.

கால் ஆடவில்லை. கொள்கை முடிவு.

எங்கள் கம்பெனியை விலைக்குக் கேட்டு வருகிறவர்கள் எப்போதும் ஜோடியாகத்தான் வருகிறார்கள். ஒருவர் பேசுவார், மற்றவர் தலையாட்டுவார். ஆயிரத்து இருநூறு வண்டிகள் வைத்திருக்கும் பெரிய கம்பெனி. தலையாட்டுவதற்கென்றே தனியாக ஆள் வைக்க வசதி இருக்கிறது. ஒருவரை நிற்கவைத்துவிட்டால் தலையாட்டலில் சுருதி இறங்கும் என்பது என் கணிப்பு.

பதினொன்றுக்கு வந்தார்கள். பேசுபவர் உட்கார்ந்தார். தலையாட்டுபவர் நின்றபடியே, முன்னைவிட வசதியாக, இடுப்பிலிருந்து ஆட்டினார்.

"மேடம், எல்லாம் உங்க நல்லதுக்குத்தான்."

என் நல்லதில் இத்தனை பேருக்கு அக்கறை இருப்பது ஐம்பத்தோரு வயது வரை எனக்குத் தெரியாமல் போய்விட்டது. முடியாது என்றேன். "யோசிச்சு சொல்லுங்க" என்றார். யோசித்துத்தானே ஐயா நாற்காலியையே எடுத்தேன்.

மார்ச் 4, செவ்வாய்

யோசிக்க வேண்டியவள் நான் மட்டும் இல்லை என்பதுதான் சிக்கல். கம்பெனியில் எனக்குப் பாதி, தம்பிக்குப் பாதி. எதை விற்றாலும் எதை வாங்கினாலும் இரண்டு கையெழுத்து வேண்டும். தம்பி விற்கத் தயாராக, பேனாவின் மூடியைக் கழற்றிவைத்துக்கொண்டு நிற்கிறான்.

"அக்கா, எனக்கு நாப்பத்தேழு வயசு. முதுகுக்கு மட்டும் எழுபதுன்னு டாக்டர் சொல்றாரு. பதினெட்டு வருஷமா போன் அடிச்சா, எந்த வண்டி எங்க கவுந்துச்சோன்னு பதறிக்கிட்டு எடுக்கறேன். போதும்க்கா."

அவன் சொல்வதில் பொய் ஒன்றும் இல்லை. அதுதான் எரிச்சல். அறுநூறு கிலோமீட்டர் ஓடும் லோடுகளை ஒவ்வொன்றாகப் பெரிய கம்பெனி தட்டிக்கொண்டு போகிறது. நாம் போகும்போது நிறைந்தும் வரும்போது காலியாகவும் ஓடிக்கொண்டிருக்கிறோம்.

"அப்ப அந்த அறுநூறு கிலோமீட்டர நாம ஓட்டவே வேணாம்" என்றேன்.

"பின்ன?"

"ரயில் ஓட்டட்டும். பெட்டிய இந்தப் பக்கம் ரயில்ல ஏத்திவிட ஒரு லாரி, அந்தப் பக்கம் இறக்கி எடுத்துட்டுப் போக ஒரு லாரி. நடுவுல இருக்கற தூரம் அவன் தலைவலி."

தம்பி என்னை வெகுநேரம் பார்த்தான். அக்காவுக்கு மூளை குழம்பிவிட்டதா, அல்லது குழம்பியபடியே பிறந்தவளா என்று தீர்மானிக்க முயல்கிறவன் பார்வை.

"லாரி கம்பெனிக்காரி ரயில்ல சரக்கு அனுப்பினா ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும். சிரிக்கறவன் எவனும் லோடு தரப்போறதில்ல."

மார்ச் 6, வியாழன்

ஒப்பந்தம் ஆயிற்று. தொண்ணூறு நாள். அதற்குள் ரயில் வழியாக ஒரு நிலையான ஆண்டு ஒப்பந்தம் பிடித்துவிட்டால் தம்பி விற்பனைப் பேச்சையே எடுக்கமாட்டான். பிடிக்காவிட்டால் நான் வாயை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடவேண்டும். ஜூன் நான்கு கடைசி நாள்.

ஓர் அனுப்புச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்திட்டோம். "வாயை மூடிக்கொண்டு" என்ற சொற்களைத் தம்பி தனியாக அடிக்கோடிட்டான்.

விற்கமாட்டேன். எழுதிவைக்கிறேன், நடுவில் எப்போதாவது மறந்துபோனால் எடுத்துப் படிக்க.

மார்ச் 14, வெள்ளி

டைல்ஸ் கம்பெனி. அனுப்புகைப் பிரிவின் மேலாளர் முப்பது வயதுப் பெண். சிரிப்பு அவரது பணி விவரத்தில் சேர்க்கப்படவில்லை போலிருக்கிறது. அவர் மேஜையில் ஒரு பேனா, ஒரு தாள், ஒரு கடிகாரம். இவ்வளவு காலியான மேஜையைப் பார்த்தால் எனக்குப் பயம்.

நிபந்தனை ஒரே பத்தியில் சொன்னார். ஆறு புதன்கிழமை. வாரம் இருபது கண்டெய்னர். ரயில் காலையில் வரும். அன்றைக்கே மாலை ஆறு மணிக்குள் இருபதும் அவர்களுடைய நான்கு கிடங்குகளில் இறங்கியாக வேண்டும். ஆறு வாரமும் நடந்தால் ஓராண்டு ஒப்பந்தம்.

"ஒரு வாரம் ஒரு பெட்டி லேட்டாச்சுன்னா?"

"ஆகாதுன்னுதான சொன்னீங்க."

இந்தப் பெண்ணை எனக்குப் பிடித்துவிட்டது. தொலைந்தேன்.

மார்ச் 21, வெள்ளி

ஓட்டுநர்கள் கூட்டம். அவர்களுடைய தலைவருக்கு மௌனி என்று பட்டப்பெயர். பெயர் வைத்தவருக்கு நகைச்சுவை உணர்வு அதிகம். மௌனி தூக்கத்தில்கூடப் பேச்சை நிறுத்துவதில்லை என்று அவர் மனைவி எழுத்துமூலம் தரத் தயார்.

"முதலாளியம்மா, ஒரே ஒரு சந்தேகம்" என்று ஆரம்பித்து ஏழு கேட்டார். சாராம்சம் இது: "மூணு நாள் ஓட்டிட்டு வந்தவன முப்பது கிலோமீட்டர் ஓட்டச் சொல்றீங்க. வீட்டுல கேட்டா என்னன்னு சொல்ல? ரயிலுக்குக் கூலியாளா போயிட்டேன்னா?"

"தினமும் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம்."

"அதுதாம்மா பயமா இருக்கு" என்றார் பின்வரிசையில் ஒருவர். சிரிப்பு. கூட்டம் பாதி என் பக்கம் சாய்ந்தது அந்தச் சிரிப்பில்தான். நான் தயாரித்துக்கொண்டு போன எட்டுப் பக்கத்தில் அல்ல.

மௌனி மட்டும் கடைசிவரை சமாதானம் ஆகவில்லை. "வண்டி ஓட்டறது ஒரு வித்தைம்மா. இது தள்ளுவண்டி" என்றார்.

ஏப்ரல் 8, செவ்வாய்

நாளை முதல் ரயில். ரயில்வே சரக்கு யார்டைப் போய் ஒருமுறை பார்த்துவிட்டு வந்தேன். தண்டவாளம் ஒன்று, அதன் பக்கத்திலேயே லாரிகளுக்கு எழுநூறு மீட்டர் நீள ஒற்றைப் பாதை, இரண்டுக்கும் மேலே கால் அகட்டி நிற்கும் ராட்சசக் கிரேன். ரயிலில் இருக்கும் பெட்டியை அப்படியே தூக்கி, பக்கவாட்டில் நகர்த்தி, லாரிமேல் வைக்கும். தூக்கும், நகர்த்தும், இறக்கும். திருப்பாது. திருப்பத் தெரியாத யந்திரம்.

லாரிகள் கிழக்கு வாசலில் நுழைந்து மேற்கு வாசலில் வெளியேற வேண்டும். மேற்கு வாசலில் யாரும் எதிர்த்திசையில் நுழைந்துவிடாதபடி தரையில் இரும்புப் பற்கள் பதித்திருக்கிறார்கள்.

கண்டெய்னருக்குக் கதவு ஒரு முனையில் மட்டும்தான். அது லாரியின் பின்பக்கம் இருந்தால்தான் கிடங்கில் பின்னால் ஒட்டி நிறுத்தித் திறக்க முடியும். ரயிலும் லாரிகளைப் போலவே மேற்கே பார்த்துத்தான் வந்து நிற்கும். ஆகவே ஏற்றும் ஊரிலேயே கதவு எல்லாம் ரயிலின் வால்பக்கம் பார்க்கும்படி ஏற்றச் சொல்லியிருக்கிறேன். எல்லாவற்றையும் யோசித்துவிட்டேன்.

ஏப்ரல் 9, புதன்

இருபதும் இறங்கின. மாலை நாலு ஐந்துக்கே!

ஏப்ரல் 16, புதன்

இருபது. மூன்று ஐம்பது. மௌனி வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டார். மனைவி, நீங்கள் யார் என்று கேட்டதாகச் சொன்னார்.

ஏப்ரல் 23, புதன்

இருபது. மூன்று முப்பத்தைந்து. தம்பி பேனாவுக்கு மூடி போட்டிருக்கிறான். பேசுபவரும் தலையாட்டுபவரும் அலுவலகத்துக்கு வந்து, பாக்கியிருக்கும் ஒரு நாற்காலியை யார் எடுத்துக்கொள்வது என்று வெகு மரியாதையாகத் தடுமாறினார்கள். கடைசியில் இருவரும் நின்றார்கள். வெற்றி என்பதற்கு அளவுகோல் அவரவர் வைத்துக்கொள்வதுதான்.

ஏப்ரல் 29, செவ்வாய்

ரயில்வேயிலிருந்து இரண்டு வரிச் செய்தி. நடுவில் ஒரு பாலத்தில் வேலை நடப்பதால் மே பதினாறு வரை மாற்றுப் பாதையில், சந்திப்பு வழியாக ரயில் வரும். நாற்பது நிமிடம் தாமதம்.

வெறும் நாற்பது நிமிடம்! நம்மிடம் இரண்டரை மணி நேரம் கையிருப்பு இருக்கிறது. நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

ஏப்ரல் 30, புதன்

மாலை ஏழு மணி. வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

ஆறு ஐம்பதுக்கு ரயில் வந்தது. ஏழே காலுக்குக் கிரேனின் ஒலிபெருக்கியிலிருந்து குரல். கிரேன் ஓட்டுநரை எல்லோரும் வானத்தார் என்பார்கள். நாள் முழுக்க மேலேயே உட்கார்ந்திருப்பார், கீழே இருப்பவர்கள் விஷயத்தில் அவசரமே காட்டமாட்டார்.

"முதலாளியம்மா, இருபதும் உங்களுக்கு முதுகக் காட்டிக்கிட்டு நிக்குதே. எதாச்சும் கோவமா?"

ஏறிப் பார்த்தேன். இருபது பெட்டி. இருபது கதவு. அத்தனையும் மேற்கே பார்த்துக்கொண்டு. லாரியில் வைத்தால் கதவு ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் வரும். கிடங்கில் எவன் திறப்பான், எப்படித் திறப்பான்?

ஏற்றிய ஊருக்குப் போன் போட்டுக் கத்தினேன். "எப்பவும் போலத்தாம்மா ஏத்துனோம், வால்பக்கம்" என்றார்கள். ஸ்டேஷனுக்குப் போன் போட்டேன். அங்கே ஒருவர் மிகப் பொறுமையாக, சிறுபிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னார்: மாற்றுப் பாதையில் அந்தச் சந்திப்பு முட்டுச்சந்து மாதிரி. எஞ்சினைக் கழற்றி, ரயிலின் மறுமுனையில் மாட்டி இழுத்துக்கொண்டு வருவார்கள். அதாவது புறப்படும்போது வாலாக இருந்தது வந்து சேரும்போது தலையாகிவிட்டது. "செய்தி அனுப்புனோமே மேடம்."

அனுப்பினார்கள். சந்திப்பு வழியாக என்று இருந்தது. நான் நாற்பது நிமிடத்தை மட்டும் படித்தேன். அலமாரி நிறையப் புத்தகம் வைத்திருக்கிறேன், ஒன்றுவிடாமல் படித்திருக்கிறேன், இரண்டு வரிச் செய்தியில் ஒரு வரியை விட்டுவிட்டேன்.

என்னடி பண்ணப்போறே? இப்ப என்ன பண்ணுவே? போச்சே, எல்லாம் போச்சே — எழுநூறு மீட்டர் பாதையில் நின்றுகொண்டு இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன். வாய்விட்டுச் சொன்னேனா தெரியவில்லை. மௌனி ஒரு பாட்டில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார், ஒரு வார்த்தை பேசாமல். அப்போதுதான் நிலைமை எவ்வளவு மோசம் என்று புரிந்தது.

யார்டில் பெட்டியைத் திருப்பி வைக்கக்கூடிய ஒரே ஒரு வண்டி உண்டு. பெரிய கம்பெனியுடையது. எட்டரைக்குப் பேசுபவர் போன் செய்தார். எப்படித் தெரிந்ததோ. "மேடம், ஒரு போன் போட்டா எங்க மெஷின் வந்துடும். நாமெல்லாம் ஒரே குடும்பமா ஆகப்போறோம்." பின்னால் யாரோ தலையாட்டும் சத்தம் எனக்குக் கேட்டது, சத்தியமாகக் கேட்டது.

"எங்க குடும்பத்துல ஏற்கெனவே ஆள் அதிகம்" என்று வைத்துவிட்டேன்.

வைத்த பிறகு என்ன செய்வது? மௌனிதான் சொன்னார்.

"பெட்டியத் திருப்ப முடியாதுன்னா வண்டியத் திருப்பிக்கலாம்மா. மேக்கால வாசல்ல நுழைஞ்சா கதவு தானா பின்பக்கம் வந்துடும்."

"அங்க தரையில இரும்புப் பல்லு."

"அப்ப கிழக்கால வாசல்லயே நுழைவோம். ரிவர்ஸ்ல. வால முன்னால விட்டு, எழுநூறு மீட்டரும் ரிவர்ஸ்லயே போயி, மேக்கால ரிவர்ஸ்லயே வெளிய."

ஒரு பக்கம் தண்டவாள விளிம்பு, மறுபக்கம் காங்கிரீட் சுவர். நடுவில் நாலு மீட்டர். டிரெய்லரைப் பின்னால் தள்ளும்போது வண்டியை வலப்பக்கம் ஒடித்தால் வால் இடப்பக்கம் போகும். பத்து மீட்டர் நேராக எடுப்பதே பாடு.

"முடியுமா?"

"என்னம்மா கேள்வி இது? கிடங்குச் சந்துல ரிவர்ஸ் எடுத்தே முடி நரைச்சவங்க நாங்க. தள்ளுவண்டியக் கூட ரிவர்ஸ்ல தள்ளுவோம்."

யார்டு மேலாளர் நல்ல மனிதர். விதிப்புத்தகத்தை ஒரு கயிற்றில் கட்டி மேஜைக் காலில் முடிச்சுப் போட்டு வைத்திருப்பவர். "அனுமதிக்க முடியாதுங்க" என்றார். புத்தகத்தை இழுத்தேன். கயிறு குட்டை, நான் குனிந்து படிக்க வேண்டியிருந்தது. விதி பதினான்கு: வாகனங்கள் கிழக்கு வாசலில் நுழைந்து, மேற்கு நோக்கி நகர்ந்து, மேற்கு வாசலில் வெளியேற வேண்டும்.

"நுழையறது கிழக்கு. நகர்றது மேற்கு. வெளியேறறது மேற்கு. மூஞ்சி எந்தப் பக்கம் இருக்கணும்னு எங்க போட்டிருக்கு?"

அவரும் குனிந்தார். இருவரும் தலையோடு தலை முட்ட முழுப் புத்தகத்தையும் புரட்டினோம். இல்லை.

"விதியில இல்லாததால தடுக்க முடியாது" என்றார் வியர்வையைத் துடைத்துக்கொண்டு. "ஆனா அனுமதிக்கவும் முடியாது."

"அப்ப நீங்க ஒண்ணுமே செய்ய வேணாம். உக்காருங்க."

அவர் உட்கார்ந்தார். அந்த நாற்காலி என்னுடையதாக இருந்திருந்தால் அங்கேயே அவருக்குப் பரிசாகக் கொடுத்திருப்பேன்.

அடுத்த சிக்கல். இருபது வண்டிக்கு ஓட்டுநர் பத்தொன்பது பேர். ஒருவர் பல் பிடுங்கப் போயிருந்தார். மற்ற எல்லோரும் வெளியூரில். ஆள் தேடிக்கொண்டிருக்கும்போது வெள்ளைச் சட்டையோடு தம்பி வந்து இறங்கினான். முகத்தில் ஈயாடவில்லை.

என்னைத் திட்டத்தான் வந்திருக்கிறான் என்று நினைத்தேன். நான் தோற்றால் அவன் ஜெயித்தான். அவன் கேட்டதெல்லாம் அதுதானே?

"எனக்குப் போன் பண்ணி வாழ்த்துச் சொல்றான்க்கா" என்றான்.

"யாரு?"

"அந்தப் பேசறவன். 'கங்கிராட்ஸ் சார், இனிமே உங்க அக்காவச் சமாளிக்கறது ஈசி'ங்கறான். எங்க அக்காவச் சமாளிக்கறதப் பத்தி அவனுக்கு என்ன தெரியும்? முப்பது வருஷமா நான் பட்டுக்கிட்டு இருக்கேன், எனக்கே தெரியல!"

சாவியை நீட்டச் சொன்னான்.

"முதுகு?"

"முதுகு என்னோடது. சாவியக் குடு."

ஒன்பதே முக்காலுக்கு மௌனியின் வண்டி முதலாவதாக, வாலை முன்னால் விட்டு, கிழக்கு வாசலில் நுழைந்தது. கண்ணாடியைத் தவிர வேறு எதையும் அவர் பார்க்கவில்லை; வாய் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது, வண்டியிடம். பின்னாலேயே — முன்னாலேயே? — ஒவ்வொன்றாகப் பத்தொன்பது. மேலேயிருந்து வானத்தார்: "கொஞ்சம் வலது. இல்லப்பா, உன் வலது இல்ல. என் வலது. அட, யாரோட வலதாச்சும் ஒண்ணு எடுங்கய்யா!" பக்கத்துப் பாதைகளில் வேலையை நிறுத்திவிட்டு ஆட்கள் சுவர்மேல் ஏறி உட்கார்ந்தார்கள். பெரிய கம்பெனியின் திருப்பும் வண்டி ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தது.

ஒருவர்கூட எதையும் இடிக்கவில்லை. ஒருவரைத் தவிர. கடைசி வண்டியில் தம்பி, மேற்கு வாசலுக்கு ஐந்து மீட்டர் இருக்கையில், மணிக்கு நாலு கிலோமீட்டர் வேகத்தில் போய் வேகக்கட்டுப்பாட்டுப் பலகையை இடித்துச் சாய்த்தான்.

இருபதாவது பெட்டி கிடங்கில் இறங்கியபோது மணி ஐந்து நாற்பத்திரண்டு. டைல் ஒன்றுகூட உடையவில்லை.

மே 1, வியாழன்

தம்பி குப்புறப் படுத்திருக்கிறான். பார்க்கப் போனேன்.

"ஒப்பந்தம் ஒப்பந்தந்தான். இன்னும் ரெண்டு ரயில் இருக்கு" என்றான் தலையணைக்குள்ளிருந்து.

"இருக்கட்டும்."

"நான் இன்னும் விக்கறதுக்குத்தான் ஆசப்படறேன்."

"ஆசப்படு. யார் வேணாம்னா."

அவன் மனைவி ஒரு தட்டில் பழம் வெட்டிக்கொண்டு வந்து எனக்கு மட்டும் கொடுத்தார். "இவருக்கு வண்டி ஓட்டத் தெரியும்னு எனக்கு நேத்துத்தான் தெரியும் அண்ணி" என்றார். கல்யாணமாகி இருபது வருஷம்.

மே 2, வெள்ளி

டைல்ஸ் கம்பெனிப் பெண்ணுக்கு நடந்ததை மறைக்காமல் எழுதி அனுப்பினேன். மறைத்திருக்கலாம், ஆறு மணிக்குள் இறங்கிவிட்டதே. ஆனால் நூறு பேர் சுவர்மேல் உட்கார்ந்து பார்த்ததை மறைப்பது எப்படி?

பதில் ஒரே வரி: "அடுத்த புதன் கதவு எந்தப் பக்கம் பார்க்கும்?"

தலைப்பக்கம் பார்க்கும்படி ஏற்றச் சொல்லிவிட்டேன். மே பதினாறு வரை இப்படித்தான். இந்த முறை எல்லாவற்றையும் யோசித்துவிட்டேன் என்று எழுதப்போவதில்லை.

மே 5, திங்கள்

யார்டிலிருந்து கடிதம். சாய்ந்த பலகை குறித்து மூவர் குழு விசாரிக்கும். பலகைக்கு உயரம் ஒன்றரை மீட்டர். குழு உறுப்பினருக்கு அரை மீட்டர் என்று பிரித்துக்கொண்டார்கள் போலும்.

மே 7, புதன்

தலைகீழாக ஏற்றியது நேராக வந்தது. வண்டிகள் முன்பக்கமாகவே போயின. இருபது. நாலே கால். மௌனி முகத்தில் சிறு ஏமாற்றம்.

மே 13, செவ்வாய்

மாலை நாலு மணிக்கு ரயில்வேயிடமிருந்து செய்தி. ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன். பாலத்தின் வேலை குறித்த நாளுக்கு மூன்று நாள் முன்னதாகவே முடிந்துவிட்டது. இன்றைய ரயில் பழைய பாதையிலேயே வருகிறது.

ரயில் காலையிலேயே கிளம்பிவிட்டது. இருபது பெட்டியும் மாற்றுப் பாதைக்கென்று தலைப்பக்கம் கதவு வைத்து ஏற்றியாயிற்று. பழைய பாதையில் எஞ்சின் மாறாது. ஆக, நாளை மறுபடியும் இருபது முதுகு.

அரசாங்க வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது என்று யாரிடம் போய்ப் புகார் சொல்வது? எந்த ஜன்னல்? எந்தப் படிவம்?

மௌனிக்குப் போன் செய்தேன். விஷயத்தைச் சொன்னேன். நீண்ட மூச்சு கேட்டது. பிறகு, "எத்தன மணிக்கும்மா?" என்றார். குரலில் அவ்வளவு சந்தோஷம் ஒரு மனிதனுக்கு ஆகாது.

மே 14, புதன்

கதவு தப்பு. இருபதும் பின்பக்கமாக. யார்டு மேலாளர் எங்களைப் பார்த்ததும் தானாகவே உட்கார்ந்துகொண்டார். பல் பிடுங்கியவர் வந்துவிட்டதால் தம்பி தேவைப்படவில்லை. ஆனாலும் வாசலில் வந்து நின்று, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு வண்டிக்கும் ஏதோ திருத்தம் சொன்னான். யாரும் காதில் வாங்கவில்லை.

மூன்று இருபது. இன்றுவரை இதைவிடச் சீக்கிரம் நாங்கள் முடித்ததில்லை. முன்பக்கமாகப் போன நாட்களைவிடச் சீக்கிரம். இதற்கு விளக்கம் என்னிடம் இல்லை. வீட்டில் கணவரிடம் கேட்டேன். கணக்கு வாத்தியார், கேட்டால் சொல்வார் என்று. "பயத்துல ஓட்டறவன் நின்னு பாக்கமாட்டான்" என்றார். மௌனியிடம் கேட்டேன். "ஆட்டம்னா ஆடத்தானம்மா செய்யணும்" என்றார். இரண்டில் மௌனியினுடையதை நம்புகிறேன்.

மே 21, புதன்

டைல்ஸ் கம்பெனி மேஜை. பேனா, தாள், கடிகாரம். இன்று தாள்கள் பதினெட்டு. ஓராண்டு. வாரம் இருபது இல்லை, முப்பத்திரண்டு.

"எங்ககிட்ட இருபத்தாறு வண்டிதான் இருக்கு" என்றேன். உண்மையைச் சொல்லிப் பழக்கமாகிவிட்டது.

"தெரியும். ஆறு வாங்கிக்குவீங்கன்னு போட்டிருக்கேன்" என்று ஒன்பதாவது பக்கத்தைக் காட்டினார். பிறகு, வாழ்க்கையில் முதல் தடவையாக இருக்கலாம், ஒரு சொந்தக் கேள்வி: "அந்த ரிவர்ஸ், வீடியோ ஏதாச்சும் இருக்கா?"

மே 27, செவ்வாய்

பேசுபவர் மட்டும் வந்தார். தலையாட்டுபவர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டாராம், நல்ல பதவி. இவர் தனியாக உட்கார்ந்து, "எங்க பொருள் கொஞ்சம் உங்க ரயில்ல..." என்று இழுத்தார்.

"யோசிச்சு சொல்றேன்" என்றேன். இந்தச் சொற்களைச் சொல்லும் பக்கத்தில் இருப்பது எவ்வளவு சுகம் என்று யாரும் எனக்கு முன்பே சொல்லவில்லை.

ஜூன் 4, புதன்

தொண்ணூறாவது நாள். தம்பி என் அறைக்கு வந்தான். அந்த அனுப்புச் சீட்டை மேஜைமேல் வைத்தான்.

"முதுகு இன்னும் வலிக்குதுக்கா."

"தெரியும்டா."

"நான் சும்மா சொல்லல. நிஜமாவே முடியல."

அப்போதுதான் நான் கொஞ்சம் வெட்கப்பட்டேன். தொண்ணூறு நாளாக ஜெயிப்பதைப் பற்றி மட்டுமே யோசித்திருக்கிறேன். அவன் ஜெயிக்க விரும்பவில்லை, உட்கார விரும்பினான். இனி எந்த வண்டி எங்கே நின்றாலும் போன் எனக்குத்தான் வரும், அவனுக்கு வராது என்று சொன்னேன். அவன் எண்ணை எல்லா ஓட்டுநர்களின் போனிலிருந்தும் எடுக்கச் சொல்லிவிட்டேன்.

"மௌனி போன்லேருந்து எடுக்க முடியாது. மனப்பாடமா வச்சிருக்கான்" என்றான்.

சீட்டைக் கிழிக்கவும் இல்லை, எடுத்துக்கொள்ளவும் இல்லை. மேஜையிலேயே விட்டுவிட்டுப் போனான். மேலே டீ தம்ளர் வைத்திருக்கிறேன்.

ஜூன் 9, திங்கள்

மூவர் குழுவின் தீர்ப்பு. வேகக்கட்டுப்பாட்டுப் பலகைக்குச் சேதம் விளைவித்ததற்காகத் தம்பி யார்டுக்குள் நுழைய முப்பது நாள் தடை. விதி பதினான்கில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள்: பின்பக்கமாக நகரும் வாகனங்கள் முன்கூட்டியே எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும்.

தெரிவித்தால் போகலாம் என்று அர்த்தம். இரண்டு தரம் படித்தேன்.

ஜூன் 11, புதன்

ஆறு டிரெய்லர்களும் யார்டுக்கே நேராக வந்து இறங்கின. வாங்கிக்கொண்டதற்கான தாளில் இரண்டு உரிமையாளர்களும் கையெழுத்திட வேண்டும். நான் உள்ளே போட்டேன். தம்பியினுடையதை வாசல் கம்பி வழியாகத் தாளை நீட்டி வாங்கினேன்.